வாயில புண்ணு வந்தா நாம பண்ற தப்புகள்

வாயில புண்ணுன்னா நம்ம தோட்டப்பக்கம் எல்லாருக்கும் ஒரே பதில்தான், "ஒடம்புல சூடு, விட்டமின் குளிசை போடு". பாதி நேரம் அது சரியாவும் போயிரும், ஏன்னா சின்னதா வெள்ளையா எரியிற சாதாரண வாய்ப்புண்ணு ரெண்டு கிழமைக்குள்ள தானா ஆறிரும், அது ஒட்டுற நோயும் இல்ல. ஆனா வலிக்கல, அதனால பயமில்லன்னு விடுறோமே, அதுதான் பெரிய தப்பு.

சிபிலிஸ்னு ஒரு பாலியல் நோய் இருக்கு, உறவு வச்சா தொத்துறது. அந்தப் புண்ணு ஒதட்டுலயோ நாக்குலயோ வரலாம், அனேகமா வலிக்காது, ஓரம் தடிச்சு தொட்டா குருத்தெலும்பு மாதிரி இருக்கும். மருந்தே போடாட்டியும் 3லேருந்து 6 கிழமைக்குள்ள மறைஞ்சிரும், நம்மாளு வெத்தலய கொறச்சேன் சரியாயிருச்சுன்னு சந்தோஷப்படுவாரு, கிருமி அப்படியே ரத்தத்துல இருக்கும். அப்பறம் வாய்க்குள்ள வெள்ளத் திட்டு, உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் அரிக்காத தடிப்பு. கொழுந்து பறிக்கிற கையில கறையும் வெடிப்பும் எப்பவும் இருக்கிறதால அத யாரு கவனிக்கிறா? கால திருப்பிப் பாருங்க.

வாய் வழியா உறவு வச்சா புள்ள தங்காது, சரி, அதுக்காக நோயும் வராதுன்னு நெனைக்கிறது தப்பு. சிபிலிஸ், கொனோரியா, ஹெர்பிஸ், எச்.பி.வி எல்லாமே அப்படித் தொத்தும். தொண்டையில இருக்கிற கொனோரியாவுக்கு பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இருக்காது. முன்னாடி நல்லா பல்லு வெளக்கிட்டா சுத்தம்னு சிலர் நெனைக்கிறாங்க, ஈறு கிழிஞ்சு ரத்தம் கசிஞ்சா கிருமிக்கு வழி விட்ட மாதிரிதான். வாய் சுத்தத்துக்கு வெறும் தண்ணியில கொப்பளிச்சா போதும், ஆனா அது நோயத் தடுக்காது. கொண்டம்தான் காப்பு, மவுத்வாஷ் இல்ல.

அடுத்தது டவுன் பார்மசி. கவுண்டர்ல ஒதட்ட இழுத்துக் காட்டி அமொக்சிலின் ஒரு கார்ட் வாங்கி, நாலு குளிசை போட்டுட்டு மிச்சத்த அலுமாரியில வைக்கிறது. நோய் அமுங்கும், குணமாகாது. ஆரம்பத்துலயே போனா சிபிலிஸ் பென்சிலின் ஊசியிலயே குணமாகும். நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்க ஆஸ்பத்திரியில எஸ்.டி.டி கிளினிக், அதாவது பாலியல் நோய் கிளினிக் இருக்கு, காசு இல்ல, துண்டு வாங்கிட்டுப் போகணும்னும் இல்ல, விஷயம் வெளிய போகாது. சிங்களம் சரியா வராதேன்னு தயங்காதீங்க, எஸ்.டி.டின்னு சொன்னாலே வழி காட்டுவாங்க.

புருஷனோ பொஞ்சாதியோ ஒராள் மட்டும் ஊசி போட்டுக்கிட்டா திரும்பவும் தொத்தும், ரெண்டு பேரும் போகணும். கர்ப்பமா இருக்கிறப்ப பொம்பளைங்களுக்கு கிளினிக்கில சிபிலிஸுக்கு ரத்தம் பாக்குறாங்க, 2019ல தாயிலிருந்து புள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிஸும் தொத்துறத இலங்கை ஒழிச்சிருச்சுன்னு உலக சுகாதார நிறுவனமே சான்று குடுத்துச்சு. ஆம்பளைங்களுக்குத்தான் அந்த மாதிரி வழக்கமான சோதனை இல்ல, அவங்களா போனாத்தான். இந்த நோய கொண்டு வர்றது கொழும்புல வேலை செய்ற பொடியன்க மட்டும்தான்னு பழிய போடுறது சும்மா பேச்சு.

ஒதட்டோரத்துல கொத்தா கொப்பளம் வந்தவங்களப் பாத்து தப்பா கதைக்கிறதும் வேணாம். அந்த ஹெர்பிஸ் அனேகம் பேருக்கு சின்ன வயசுலயே முத்தத்துல வந்தது. கொப்பளம் இருக்கிறப்ப மட்டும் புள்ளைங்களுக்கு முத்தம் குடுக்காதீங்க, வாய் வழி உறவும் வேணாம். ஆனா ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிச்சா எச்.ஐ.வி வராது.

வெத்தல, பொயிலை போடுறவங்களுக்கு 3 கிழமை தாண்டியும் ஆறாத புண்ணு, வெள்ளை செவப்புத் திட்டு, வாய் முழுசா தொறக்க முடியாம போறதுன்னா பல் டொக்டர்கிட்ட போங்க, இலங்கை ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.