ஷாம்பு தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு: தலைக்குக் குளிக்கும் முறை

தலைக்குக் குளிப்பதற்கெல்லாம் பாடமா என்று கேட்கலாம். ஆனால் உச்சியில் பிசுக்கு போகவில்லை, நுனியோ துடைப்பம் போல வறண்டு நிற்கிறது என்று ஒரே மூச்சில் புலம்புகிறவர்கள் ஏராளம். ஷாம்புவை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு ஷாம்புவில் இல்லை. எதை எங்கே தேய்ப்பது என்பதில்தான் இருக்கிறது.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. உங்கள் முடி 36 செ.மீ. நீளம் என்றால், அதன் நுனிக்கு மூன்று வயது. அத்தனை நாள் வெயில், சீப்பு, தலையணை உரசல் எல்லாம் பட்டுத் தேய்ந்த பகுதி அது. எண்ணெய் சுரப்பதோ தலைத் தோலில். ஆகவே ஷாம்பு தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

1. சிக்கு எடுப்பது

தண்ணீர் படுவதற்கு முன்பே சிக்கை எடுத்துவிடுங்கள். நனைந்த முடி ரப்பர் போல இழுபடும், சுலபமாக அறுந்தும் போகும். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். சுருட்டை முடிக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்; அவர்களுக்குச் சிக்கெடுக்க ஏற்ற நேரம் கண்டிஷனர் போட்டபின்.

2. நனைப்பது

வெதுவெதுப்பான நீர் போதும். அடர்த்தியான முடியில் மேலே சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், விரலால் வகிர்ந்து பார்த்தால் உள்ளே தோல் உலர்ந்தே இருக்கும். அப்படி இருந்தால் ஷாம்பு பரவாது. பரவவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவீர்கள். எனவே ஒரு நிமிடமாவது நிதானமாக நனையுங்கள்.

3. ஷாம்பு

குட்டை முடிக்கு ஒரு டீஸ்பூன், நீள முடிக்கு இரண்டு. நேராக உச்சியில் ஊற்றாதீர்கள். உள்ளங்கையில் விட்டு, சிறிது தண்ணீர் சேர்த்து, இரண்டு கைகளிலும் பரப்பிக்கொள்ளுங்கள். நெற்றியோரம், காதுக்கு மேல், உச்சி, பிடரி என்று வரிசையாகப் போங்கள். பிடரியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நகம் படக்கூடாது, விரல்நுனியின் சதைப்பகுதியால், தோல் லேசாக அசையும் அளவுக்கு அழுத்தித் தேய்த்தால் போதும். முடியை எல்லாம் உச்சியில் குவித்துத் துணி கசக்குவது போலக் கசக்க வேண்டாம், அதனால் கிடைப்பது புதுச் சிக்கு மட்டும்தான். நுனிக்கென்று தனியாக ஷாம்பு தேவையில்லை. அலசும்போது வழிந்து இறங்கும் நுரையே அதற்குப் போதும்.

எண்ணெய் அதிகமாக இருந்தால் முதல் தடவை நுரையே வராது. எண்ணெய் நுரையை அடக்கிவிடும். அப்போது அலசிவிட்டு இரண்டாம் முறை போடுங்கள். மற்ற நாட்களில் ஒரு தடவை போதும், பாட்டிலின் பின்புறம் என்ன எழுதியிருந்தாலும் சரி.

4. அலசுவது

தேய்த்த நேரத்தைவிட அலசும் நேரம் அதிகமாக இருக்கட்டும். காதின் பின்புறமும் பிடரியும் முக்கியம். சரியாக அலசாத ஷாம்பு உலர்ந்து வெள்ளையாக உதிர்வதைப் பொடுகு என்று எண்ணிக் கவலைப்படுகிறவர்களும் உண்டு.

5. கண்டிஷனர்

முதலில் முடியில் இருக்கும் தண்ணீரைக் கையால் பிழிந்துவிடுங்கள். சொட்டும் முடியில் தடவினால் பாதி தரையோடு போய்விடும்.

முடியின் மேற்பரப்பு ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. சிதைந்த இடங்களில் எதிர்மின்னூட்டம் கூடுதலாக இருக்கும். கண்டிஷனரின் முக்கியப் பொருள்களுக்கோ நேர்மின்னூட்டம். லேபிளில் செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு என்ற பெயர்களைக் காணலாம். அதனால் எங்கே சேதம் அதிகமோ அங்கேயே அவை கூடுதலாக ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் விட்டு அலசிய பிறகும் மெல்லிய படலம் தங்கி, உரசலைக் குறைக்கிறது. ஒட்டுப்போடும் வேலைதான் இது. பிளந்த நுனியை மீண்டும் ஒன்றாக்க எந்தக் கண்டிஷனராலும் ஆகாது, கத்தரிக்கோல்தான் ஒரே வழி.

காது மட்டத்திலிருந்து கீழ்நோக்கித் தடவி, பல் அகலமான சீப்பால் ஒருமுறை வாரிவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அலசலாம். வழவழப்பு லேசாக மிஞ்சலாம், கொழகொழப்பு மிஞ்சக்கூடாது. கடைசியாக நெற்றி, கழுத்து, முதுகைக் கழுவிவிடுங்கள். அங்கே தங்கும் கண்டிஷனரால் சிலருக்குப் பரு வரும். கடைசிச் சொம்பு குளிர்ந்த நீராக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். பிடித்தால் ஊற்றுங்கள், நடுங்கிக்கொண்டு ஊற்ற வேண்டிய அவசியமில்லை.

6. உலர்த்துவது

துண்டால் பரபரவென்று துவட்டாமல், ஒற்றி எடுங்கள். டிரையர் என்றால் சுமார் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தோல் பிசுபிசுத்தால் தினமும் போடலாம், வறண்ட முடிக்கும் சுருட்டை முடிக்கும் வாரம் ஒருமுறைகூடப் போதும். குளியலறை வடிகாலில் முடியைக் கண்டு பதற வேண்டாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. குளிக்காத நாட்களில் கழன்று தங்கியிருந்தவையும் அன்று சேர்ந்து வரும். வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோலில் புண் இருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பொடுகுக்கான மருந்து ஷாம்பு மட்டும் இந்த முறைக்கு விதிவிலக்கு. கீட்டோகொனசோல் போன்றவை கலந்ததைத் தேய்த்த கையோடு அலசினால் பலனில்லை, தோலில் 3 முதல் 5 நிமிடம் ஊற வேண்டும். அது முடியை வறளச் செய்யலாம் என்பதால் அன்றும் நுனிக்குக் கண்டிஷனரைத் தவிர்க்காதீர்கள்.