உருவப்படம்: ஆளைத் தொலைக்கும் தவறுகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் புதிதாகக் கேமரா வாங்கிய நான்கு பேரைப் பார்த்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, சிரிக்காதீர்கள். கடலைப் பாருங்கள்" என்றார் அவர்களில் ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் நானும் அதையே சொன்னேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆடிப்போன படம், வெட்டுப்பட்ட தலை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மனத்தில் படத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது

அன்று நான் தேடிப் போனது சுருக்கம் விழுந்த நெற்றி, நரைத்த தாடி, தொலைவில் நிலைத்த பார்வை. கிடைத்தவரோ வாய் ஓயாமல் பேசுபவர். பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. சிரிக்கும்போது மேல்வரிசையில் பல் விழுந்த இடத்தை நாக்கு நுனியால் தொட்டுக்கொள்வார். வலை ஊசியை நீட்டி நீட்டி என் சம்பளத்தை விசாரித்தார். "அசையாமல் இருங்கள்" என்றேன். இருநூறு படங்களுக்கு மேல் எடுத்து, அவர் சிரித்தவற்றை எல்லாம் வீணானவை என்று அன்றிரவே அழித்தேன். மிஞ்சியதில் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கங்கள் உளியால் செதுக்கியதுபோல் தெரியும்வரை கான்ட்ராஸ்ட்டை ஏற்றினேன். நண்பர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "யார்மேல் தம்பி இவருக்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பெரியவர் இறந்துவிட்டார். தெருமுனையில் வைத்திருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் என் படம் இல்லை. ஏதோ ஒரு அட்டைக்காக எடுத்த சிறிய படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தாலும் அது அவர்தான். "சிரிக்கிற மாதிரி ஒன்றுகூட உங்களிடம் இல்லையா?" என்றார் மகன். மெமரி கார்டிலிருந்து மீட்க முயன்றேன். அதன்மேல் வேறு எத்தனையோ படங்கள் பதிவாகியிருந்தன.

"சிரிக்காதீர்கள்" என்று யாராவது சொல்லக் கேட்டால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு முதலில் பத்து நிமிடம் பேசுங்கள். கை என்ன செய்கிறது, எந்தப் பேச்சுக்குக் கண் விரிகிறது என்று கவனியுங்கள். பேச்சை விடாமல் படம் எடுங்கள். "முடிந்தது" என்று சொன்ன பிறகும் கேமராவை உடனே இறக்காதீர்கள். விறைத்திருந்த தோள் அப்போதுதான் தளரும்.

முகத்தருகே போய் எடுப்பது

மூக்கு பெருத்துவிடும், காதுகள் பின்னால் ஒடுங்கிவிடும். இதற்கு லென்ஸைவிடத் தூரமே காரணம். அகலமான காட்சியைப் பிடிக்கும் 24 மி.மீ. லென்ஸில் முகம் நிறைய வேண்டுமென்றால் மூக்கருகே போக வேண்டியிருக்கும். தள்ளி நின்றாலும் முகத்தைப் பெரிதாகக் காட்டும் 85 மி.மீ. போட்டுத் தள்ளி நில்லுங்கள். 50 மி.மீ. மட்டும்தான் இருக்கிறது என்றால் இடுப்புவரை எடுங்கள்.

புதுச்சேரியின் மஞ்சள் சுவர்

வெயில் பட்ட மஞ்சள் சுவரை ஒட்டி ஆளை நிறுத்தினால் அந்த மஞ்சள் கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் ஏறிவிடும். படம் முழுவதன் நிறச்சாயலையும் மாற்றும் ஒயிட் பேலன்ஸில் அதைச் சரிசெய்யப் போனால் முகத்தின் மறுபக்கம் நீலம் பாய்ந்துவிடும். சுவரிலிருந்து சில அடி முன்னால் வரச் சொல்லுங்கள், அல்லது நிழலாக இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

தோல் நிறத்தை வெளுப்பது

செய்யாதீர்கள்.

பிரிண்ட் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது

அந்த மாதத்திலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே, நீங்கள் கழித்துப்போட நினைத்த இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை அவர் வீட்டார் கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.