நெடுந்தீவில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பது எப்படி

யாழ்ப்பாணத் தீவுகளுள் நிலத்தொடர்பு ஏதுமின்றிப் பாக்கு நீரிணையில் தள்ளிக் கிடக்கும் நெடுந்தீவுக்குக் காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புவோரே அதிகம். அவ்வாறு போனால் உச்சிவெயிலில் முச்சக்கரவண்டியில் ஓடியலைந்த களைப்புத்தான் மிஞ்சும். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவில் ஓர் இரவாவது தங்குங்கள். தங்குமிடங்கள் சிலவே உள்ளதால் முன்கூட்டியே பேசிவைப்பது அவசியம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் பேருந்தில் செல்லலாம். நயினாதீவுப் படகும் அதே துறையிலிருந்து புறப்படுவதால், கேட்டு உறுதிசெய்துகொண்டு ஏறுங்கள். நெடுந்தீவுக்குக் கடற்பயணம் சுமார் ஒரு மணி நேரம். படகுகள் குறைவு, காற்றடித்தால் அவையும் நின்றுவிடும் என்பதால் நேரத்தை முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்றும் மழையும் சேரும் ஆண்டிறுதி மாதங்களைத் தவிர்த்து, கடல் அடங்கி, தரவைகளில் புல் இன்னும் பசுமையாக இருக்கும் மாசி, பங்குனியில் செல்வது நல்லது.

இறங்கும் இடம் மாவிலித்துறை. 1985 மே 15 அன்று இக்கடல்வழியில் குமுதினிப் படகில் சென்ற பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர்; அவர்களுக்கான நினைவிடம் இங்கே உண்டு. ஊருக்குள் போகுமுன் அங்கே சற்று நின்று செல்லுங்கள். இந்தப் படகுவழியை நம்பியே வாழும் மக்களின் மண்ணில்தான் நீங்கள் கால்வைத்திருக்கிறீர்கள்.

தீவைச் சுற்ற முச்சக்கரவண்டிகள் கிடைக்கும். ஆனால் சைக்கிள் ஒன்று அகப்பட்டால் அதையே எடுங்கள், ஏனெனில் இங்கே முதலில் பார்க்கவேண்டியவை ஒழுங்கைகளின் இருபுறமும் ஓடும் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகள். கிட்டப்போய்க் கவனித்தால், சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல், ஒரு கல்லின் மேடு அடுத்த கல்லின் பள்ளத்தில் பொருந்தும்படி அடுக்கியிருப்பது தெரியும். கல்லின் முகத்தில் பவளப்பூச்சிகள் கட்டிய நுண்ணிய துளைகளையும் விரலால் தடவி உணரலாம். சாந்து இல்லாமல் நிற்பவை என்பதால் படம் எடுப்பதற்காக அவற்றின்மேல் ஏறவே கூடாது. ஒரு கல் சரிந்தால் வேலிக்குரியவர் ஒரு பகுதியையே பிரித்து அடுக்கவேண்டி வரும்.

ஒல்லாந்தர் கோட்டை எனப்படும் இடிபாடும் இதே கல்லால் ஆனதுதான். புறாக்கூட்டுக் கோபுரத்தையும் உள்ளே பொந்து விழுந்த பெருக்க (பாவோபாப்) மரத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் அரபு வணிகர் வழியாக வந்தது என்பர். பொந்துக்குள் நின்று பார்க்கலாம். பட்டையில் பெயர் செதுக்காதீர்கள்.

குதிரைகளுக்கு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த இவை, இன்று கட்டாக்காலியாகத் தரவைகளில் மேய்கின்றன. வெயில் தாழ்ந்தபின் குட்டிகளோடு கூட்டமாக வரும்; அப்போது வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைவில் அமர்ந்திருப்பதே முறை. துரத்துவதும் தீனி கொடுப்பதும் வேண்டாம். கோடையில் தீவில் நன்னீர் அரிது. மனிதருக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் அதுவே பெருங்கவலை. ஆகவே குடிநீரை உடன் கொண்டுசென்று, தங்குமிடத்தில் கிணற்றுநீரை அளவாகப் பயன்படுத்துங்கள்.

உணவை முன்னரே சொல்லிவைத்தால் அன்றைய மீனையோ நண்டையோ சமைத்துத் தருவார்கள். காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். கடலில் குளிப்பதாயின் ஊரவர் காட்டும் இடத்திலேயே இறங்குங்கள். பல கரைகளில் கல் காலைக் கிழிக்கும். மறுநாள் புறப்படும் படகுக்கு அரைமணி முன்பே மாவிலித்துறைக்கு வந்துவிடுங்கள். மருத்துவத்துக்கும் படிப்புக்கும் செல்லும் தீவு மக்கள் முதலில் ஏறட்டும்.