‘லைன்’ என்று வந்தால் குழம்பாமல் பொருள் பிடிப்பது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் ‘ஹோல்ட் தி லைன்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் கோட்டைப் பிடி என்பார்கள். போனை வைத்துவிடாதே என்பதுதான் அர்த்தம். ஆனால் அதே பிள்ளைதான் வீட்டில் கரண்டு லைன் அறுந்துபோச்சு, ரேஷன் கடையில் லைன் நீளமா நிற்குது, மாமாவுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கலை என்று இந்த ஒரு சொல்லைத் தடுமாறாமல் புழங்குகிறது. அதனால் அகராதியைத் திறந்து ஒன்று, இரண்டு என்று மனப்பாடம் பண்ண உட்காராதீர்கள், அது இரண்டு நாள்கூட நிற்காது.

முதலில் ‘கோடு’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். லத்தீனில் ‘லீனியா’ என்பது ஆளிச்செடி நாரில் முறுக்கிய நூல், அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். நூல் என்று எடுத்துக்கொண்டால் கடற்கரைப் பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது, தூண்டில் நரம்புதானே ‘ஃபிஷிங் லைன்’! பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்ற 2017-ல் வந்த திட்டத்தில் ‘டூனா லாங் லைனர்’ என்று ஒரு பெயர் அடிபட்டதே, அதுவும் இந்த நூல்தான்: நீளமான ஒரு தாய்க்கயிறு, அதிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சூரை மீனுக்கு ஒரு முள். ஆனால் ‘ஓஷன் லைனர்’ என்று படித்தால் தூண்டிலைத் தேடாதீர்கள், அது கடல் தாண்டி ஆளேற்றிப் போகிற பெரிய கப்பல். கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே ஒரு வேலைக்கு மாட்டிய கயிறு எல்லாமே லைன்தான், ‘மூரிங் லைன்’ என்றால் கப்பலைத் துறையில் கட்டுகிற கயிறு, ‘ஷிப்பிங் லைன்’ என்றால் கப்பலை ஓட்டுகிற கம்பெனி.

அடுத்து, பக்கத்தில் நிற்கிற வினைச்சொல்லைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ‘தி லைன் வென்ட் டெட்’ என்றால் போன். 1964 டிசம்பர் புயலைப் பற்றிய பாடத்தில் ‘தி லைன் வாஸ் வாஷ்டு அவே’ என்று வந்தால் போனை யாரும் கடல் அடித்துக்கொண்டு போகவில்லை, தனுஷ்கோடி ரயில் பாதைதான் போனது. ‘கிராஸ்’ வந்தால் மட்டும் உஷார், அப்போது யார் தாண்டினார்கள் என்று பார்க்க வேண்டும். படகு தாண்டினால் 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வகுத்த கடல் எல்லை, தண்ணீரில் எந்த அடையாளமும் இல்லாமல் ஜிபிஎஸ் திரையில் மட்டும் தெரிகிற அந்தக் கோடு. ஆள் தாண்டினால், பேச்சு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். கெடு தேதிக்குச் சொல்கிற ‘டெட்லைன்’கூட அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிறைகளில் நிஜமாகவே இருந்த ஒரு கோடுதான், கைதி அதைத் தாண்டினால் காவலன் சுட்டுவிடுவான்.

வரிசை என்ற பொருள் சுலபம், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஒன்று மட்டும். மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஊர்ச்சனம், அங்கே வரிசையாகக் கட்டியிருந்த ஒற்றை அறை வீடுகளை லயம், லயன் என்று சொல்லியது, இன்றைக்கும் மலையகத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். சங்கீத லயம் என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் இந்த ‘லைன்’தான்.

கணக்கில் வருவது ‘பாட்டம் லைன்’. ஏலம் முடிந்து டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாம் கழித்த பிறகு சீட்டின் கடைசி வரியில் நிற்கிற தொகை. ‘வாட்ஸ் தி பாட்டம் லைன்’ என்று ஒருவர் கேட்டால், கதையை விடு, முடிவாக என்ன என்கிறார்.

அப்புறம் பிள்ளைகள் அதிகம் மார்க்கு விடுகிற இடம், முன்னால் ஒட்டுகிற சின்னச் சொல். ‘இன் லைன்’ என்றால் வரிசையில், ‘அவுட் ஆஃப் லைன்’ என்றால் வரிசைக்கு வெளியே என்பதோடு மரியாதை தப்பி நடந்தான் என்றும் வரும். ‘ஆன் தி லைன்’ என்றால் ஆள் போனில் இருக்கிறார், ஆனால் ‘ஹிஸ் ஜாப் இஸ் ஆன் தி லைன்’ என்றால் வேலை போனில் இல்லை, போகிற நிலைமையில் இருக்கிறது! இந்த மாதிரி ஜோடிகளைச் சேர்த்தே எழுதிப் பழகுங்கள், தனித்தனியாக எழுதினால் பரீட்சையில் மாறிப்போகும்.

கடைசியாக, எதிர்த்திசையில் போகிறபோதும் கவனம். பெண்ணுக்கு லைன் விடுகிறான் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் எந்த வெள்ளைக்காரனுக்கும் புரியாது. அவர்களிடம் ‘பிக்கப் லைன்’ உண்டு, ஆனால் அது பேச்சுக் கொடுக்க எடுத்துவிடுகிற ஒரு வசனம்.