பேக் டக் பழகும் முன் ரவுண்ட் ஆஃபைச் சரிபாருங்கள்

குழுவாகச் சாகச அசைவுகளைச் செய்துகாட்டும் போட்டி சியர்லீடிங்கில் டம்ப்ளிங் (தரையில் செய்யும் குட்டிக்கரண அசைவுகள்) பழகுவோர் பலர், பின்னால் பாய்ந்து கைகளை ஊன்றி மீண்டும் காலில் இறங்கும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் ஓரளவு வந்ததுமே, கை ஊன்றாமல் முழங்கால்களை மடக்கிப் பின்னோக்கிச் சுழலும் பேக் டக்கிற்குத் தாவிவிட விரும்புகிறார்கள். ஓடிவந்து செய்யும்போது பின்னோக்கிய வேகம் ரவுண்ட் ஆஃபிலிருந்தே (கைகளை ஊன்றிச் சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி இரு கால்களிலும் இறங்கும் அசைவு) கிடைப்பதால், அந்த அசைவு கோணலாக இருக்கும்வரை அடுத்த அசைவைத் தள்ளிவைப்பதே நல்லது. இரு பாதங்களும் ஒன்றாக இறங்கி, கைகள் காதுகளை ஒட்டியபடி உடல் எழும்புகிறதா என்று பக்கவாட்டிலிருந்து காணொளி எடுத்துப் பாருங்கள்.

பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கில் முதலில் முழங்கால்களைக் கவனிக்க வேண்டும். பின்னால் சாய்ந்து உட்காரும் நிலையில் அவை கால்விரல்களைத் தாண்டி முன்னே சென்றால், உடல் பின்னோக்கி நீளாமல் மேலே எழும்பி, கைகள் பாதங்களுக்கு மிக அருகில் ஊன்றப்படும். அப்போது முழங்கை மடங்கினால் தலையோ கழுத்தோ தரையில் மோதக்கூடும். இந்தப் பிழை தெரிந்தால், தயங்காமல் சரிவு மெத்தைக்குத் திரும்பி, பயிற்சியாளர் ஒரு கையை இடுப்பின் பின்புறத்திலும் மறுகையைத் தொடையின் பின்புறத்திலும் வைத்துத் தாங்க, மெதுவாகப் பழகுங்கள்.

டம்பிள் டிராக்கின் (நீளமான டிராம்போலின் போன்ற பயிற்சித் தடம்) துள்ளல், காலில் இல்லாத வலிமையை இருப்பதுபோலக் காட்டும். ஆகவே அங்கு கைவந்ததை அடியில் ஸ்பிரிங் பொருத்திய தளத்திலும், பிறகே கடினமான மெத்தையிலும், ஒவ்வொரு முறையும் ஸ்பாட்டர் (அருகில் நின்று தாங்கிப் பிடிப்பவர்) துணையுடன் புதிதாகத் தொடங்குங்கள். 2 நிமிடம் 30 விநாடி வரை ஓடும் போட்டி நிகழ்ச்சியில் அதைச் சேர்ப்பது, களைத்த நிலையிலும் அதே வடிவில் வந்த பிறகுதான். மணிக்கட்டிலோ கீழ்முதுகிலோ வலி நீடித்தால், அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள்.