பாலே ஆடும் பிள்ளை தட்டை ஒதுக்கும்போது

எனக்கு அப்போது 16 வயது. விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பிய முதல் நாள், பார் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஆசிரியை பின்னால் வந்து, லியோடார்டு என்ற இறுக்கமான ஆட்ட உடைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த என் முதுகெலும்பில் விரலை வைத்து, "எல்லாரும் இங்க பாருங்க, லைன்னா இதுதான்" என்றார். உடம்பின் கோட்டழகைத்தான் பாலேயில் லைன் என்பார்கள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த இரண்டு மாதமும் நான் என்ன சாப்பிட்டேன், சாப்பிட்டேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று ராத்திரியும் நான் சாப்பிடவில்லை. பாராட்டு வாங்கித் தந்ததைக் கைவிட மனசு வரவில்லை.

இப்போது 22 வருஷமாக நானே பாலே சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் என்னிடம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பதற்கெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன். நோயாளியாக இருந்ததும் ஆசிரியையாக இருப்பதும் எனக்குக் கற்றுத்தந்தது ஒன்றுதான்: உணவுக் கோளாறு என்ற இந்த நோய் ஆரம்பத்தில் நோய் மாதிரியே இருக்காது. ஒழுக்கம் மாதிரி, உழைப்பு மாதிரி, அக்கறை மாதிரி இருக்கும். அதனால்தான் வீட்டிலும் வகுப்பிலும் அதற்குக் கைதட்டிவிடுகிறோம்.

முதலில் பாலேயில் ஏன் இது இவ்வளவு என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பிள்ளைமேல் கோபம் குறையும். 1832ல் மாரி டாக்லியோனி 'லா சில்ஃபீட்' நாடகத்தில் நுனிக்காலில் ஆடியபோது, தரையையே தொடாத தேவதை என்ற பிம்பம் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சைன் நீண்ட கால், சின்னத் தலை, மெலிந்த உடம்பு கொண்டவர்களை விரும்பித் தேர்ந்தெடுத்தார். உலகம் முழுக்க அதுவே அளவுகோல் ஆகிவிட்டது. அவரிடம் ஆடிய கெல்சி கிர்க்லண்ட் தன் உணவுக் கோளாறைப் பற்றி 1986ல் சுயசரிதையில் வெளிப்படையாக எழுதினார். 2010ல்கூட, அந்த நோயிலிருந்து மீண்டு வந்து ஆடிய ஜெனிஃபர் ரிங்கரின் உடம்பை ஒரு பத்திரிகை விமர்சகர் எடையை வைத்துக் குத்திக்காட்டினார். இதற்கு மேல், நாள் முழுக்கச் சுவர் அகலக் கண்ணாடி. உடம்பு பருவமடைந்து மாறும் 11 முதல் 16 வயதுக்குள்தான் தேர்வுகளும் ஆடிஷன்களும் வருகின்றன. இடுப்பு அகலமாவது இயற்கை. அந்தப் பிள்ளைக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014ல் வந்த கணக்கு, பாலே ஆடுபவர்களில் 100க்குச் சுமார் 16 பேருக்கு உணவுக் கோளாறு என்கிறது. பையன்களும் இதில் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் வைத்தியத்துக்கு வருகிறார்கள்.

எதைக் கவனிப்பது

எடை இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். அது கடைசியில்தான் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. புலிமியா, அதாவது அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் அதை வெளியேற்றும் கோளாறு, உள்ள பிள்ளை பார்க்க எப்போதும்போலவே இருக்கும். எடைக்கு முன்னால் பழக்கம் மாறுகிறது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். இடைவேளையில் ஒரு ஆப்பிளை எடுப்பாள். முதலில் தோலைச் சீவுவாள், பிறகு காகிதம் மாதிரி மெல்லிசாக நறுக்குவாள், ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். இருபது நிமிஷ இடைவேளையில் நாலு துண்டு உள்ளே போகும், மிச்சம் டப்பாவுக்கே திரும்பும். மற்ற பிள்ளைகள் வியர்த்து ஊற்றும்போது இவள் மட்டும் கம்பளிச் சட்டையும் கால் உறையும் போட்டுக்கொண்டு ஆடுவாள். "குளிருது மிஸ்" என்பாள். அது பொய்யில்லை. எரிபொருள் தீர்ந்த உடம்பு தன் சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. அதோடு, பெரிய சட்டைக்குள் உடம்பும் மறைந்துகொள்கிறது.

வீட்டில் பாருங்கள். "நண்பி வீட்டுல சாப்பிட்டுட்டேன்", "எனக்கு வயிறு சரியில்ல" என்பது வாரத்தில் நாலு நாள் வருகிறதா? ஒவ்வொரு மாதமும் ஒரு உணவு வகை "எனக்கு ஒத்துக்காது" என்று தட்டிலிருந்து காணாமல் போகிறதா? சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறதா? ராத்திரி அறைக்குள் குதிக்கும் சத்தம் கேட்கிறதா? விரல் முட்டிகளில் காய்ப்பு, கன்னத்தின் ஓரம் வீக்கம், சீப்பில் கொத்தாக முடி? வீட்டில் எல்லாருக்கும் ஆசையாகச் சமைத்துவிட்டுத் தான் மட்டும் ஒதுங்கிக்கொள்வதும் அறிகுறிதான். நிறையப் பேர் இதைப் பார்த்து, "சமையல் புத்தகமா படிக்கறா, சாப்பாட்டுல ஆசை இருக்கு" என்று நிம்மதி அடைகிறார்கள். 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை மாதக்கணக்கில் அரைவயிறாக வைத்துப் பார்த்தார்கள். உணவைப் பற்றி எந்தச் சிக்கலும் இல்லாத அந்த ஆண்கள் சமையல் குறிப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், எரிந்து விழுந்தார்கள். பட்டினி மூளையில் செய்யும் வேலை அது. உங்கள் பிள்ளையின் பிடிவாதத்தில் பாதி பசியின் பிடிவாதம்.

மாதவிடாயைப் பற்றிக் கூச்சம் வேண்டாம், நேராகக் கேளுங்கள். தொடர்ந்து 3 மாதம் வரவில்லை என்றாலோ, 15 வயது நிறைந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலோ மருத்துவரிடம் போக வேண்டும். "பாலே ஆடுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று எனக்குச் சொன்னார்கள். 14 மாதம் எனக்கு வரவில்லை, சௌகரியமாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு நாள் சாதாரணத் தாவலில் இறங்கியபோது இடது பாதத்தில் சுள்ளென்று வலித்தது. இரண்டாவது பாத எலும்பில் விரிசல். பாலே ஆடுபவர்களுக்கு அடிக்கடி விரிசல் விடும் எலும்பு அது. மருத்துவர் என் பாதத்தைத் தொடுவதற்கு முன்னால், "கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா வந்தது?" என்றுதான் கேட்டார். அந்த ஒரு கேள்வியை யாரோ ஒரு வருஷம் முன்பே கேட்டிருக்கலாம். செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு ஈடுகொடுக்காதபோது உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைக்கிறது, அதோடு எலும்பும் மெலிகிறது. ஒல்லியாக இல்லாதவர்களுக்கும் இது வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. எலும்பு சேரவேண்டிய வயதில் சேராமல் போனது பிறகு முழுசாகத் திரும்புவதில்லை. எனக்குத் திரும்பவில்லை.

எப்படிப் பேச்சை எடுப்பது

சாப்பாட்டு மேசையில் வேண்டாம், வகுப்பு முடிந்து வரும் வழியிலும் வேண்டாம். பசி இல்லாத, அவசரம் இல்லாத ஒரு நேரம் பாருங்கள். தனியாக இருங்கள். எடை, உருவம் பற்றி ஒரு சொல்கூட எடுக்காதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "மூணு வாரமா ராத்திரி நீ எங்ககூட உட்காரல. எப்பவும் குளிருதுங்கற. எனக்குப் பயமா இருக்கு." அவ்வளவு போதும். "ஒண்ணுமில்லம்மா, சும்மா இரு" என்றுதான் பதில் வரும். கதவு அறையப்படலாம். அதை எதிர்பார்த்தே போங்கள். வாதாடாமல், "சரி, ஆனா இந்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போறோம்" என்று முடித்துவிடுங்கள். பிள்ளை சம்மதிக்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்த பெற்றோரை எனக்குத் தெரியும். தான் நோயாளி என்பதை நம்பவிடாமல் செய்வதும் இந்த நோயின் ஒரு பகுதி.

சொந்தக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குணமாகி வரும் பிள்ளையைப் பார்த்து யாராவது பாசமாக, "இப்பதான் கொஞ்சம் சதை பிடிச்சு பார்க்க நல்லா இருக்கே" என்பார்கள். பிள்ளையின் காதில் "சதை" மட்டும்தான் விழும். என் அத்தை அப்படிச் சொன்ன மறுநாள் நான் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மருத்துவரிடம்

எடை பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். படுத்திருக்கும்போதும் நின்றபிறகும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவு, தேவைப்பட்டால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. உடம்பு வெகுகாலம் சமாளித்துக் காட்டும். "டான்ஸர்தானே, நாடி மெதுவாத்தான் இருக்கும்" என்ற விளக்கத்தையும் சுலபமாக ஏற்காதீர்கள். பகலில் விழித்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 50க்குக் கீழே போனால், மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், வாந்தி நிற்காவிட்டால், சாக வேண்டும் என்று பேசினால், அன்றைக்கே மருத்துவமனை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

ரொம்ப நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பயத்தில் ஒரேயடியாகச் சாப்பாட்டைத் திணிப்பதும் ஆபத்து. பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கலாம். முதல் சில வாரம் எவ்வளவு, எப்படி ஏற்றுவது என்பதை மருத்துவக் குழுதான் சொல்ல வேண்டும். பாலேயைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்பதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். அந்த முடிவைச் சொல்லும் பொறுப்பு அவருடையதாக இருந்தால், பிள்ளையின் கோபம் உங்கள்மேல் முழுசாக இறங்காது.

வளரும் வயதுப் பிள்ளைகளின் அனோரெக்சியாவுக்கு, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் கோளாறுக்கு, நல்ல பலன் தருவது குடும்பத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. என்ன, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை தேறத் தேறத் திருப்பிக் கொடுப்பார்கள். காகிதத்தில் எளிதாகத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு ஐம்பது நிமிஷம் போனது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தானும் அதையே தட்டில் போட்டுக்கொள்வார். நான் அழுவேன், ஸ்பூனைத் தட்டிவிடுவேன். அவர் எடுத்துத் துடைத்துத் திரும்ப என் பக்கத்தில் வைப்பார். "இது உனக்கு மருந்து. நான் எங்கயும் போகல" என்பார். அதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவருடைய பள்ளிக்கூடக் கதை, பக்கத்து வீட்டு நாய், பார்த்த கனவு என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். முடிந்தபிறகும் ஒரு மணி நேரம் என்னைத் தனியாக விடமாட்டார். அப்போது அது சிறையாக இருந்தது. இன்று அந்த மேசையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நீங்கள் தினமும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் இடைத்தீனிக்கும் இப்படி உட்கார வேண்டியிருக்கும். தனியாகச் செய்யாதீர்கள், வீட்டில் இன்னொருவரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் கேட்க வேண்டியது

ஆசிரியரிடம் போய் இவற்றைக் கேளுங்கள். வகுப்பில் எடை பார்க்கிறீர்களா? நீண்ட ஒத்திகையில் சாப்பிட இடைவேளை உண்டா? உடம்பைப் பற்றி யார், என்ன பேசலாம் என்று விதி இருக்கிறதா? மேலே பாவாடையோ சட்டையோ போட்டுக்கொள்ள விடுவீர்களா? பதிலைவிட, கேள்வியை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் தேடுவதில் தப்பே இல்லை.

என் வகுப்பில் வாரத்தில் ஒரு நாள் கண்ணாடியைத் திரை போட்டு மூடிவிடுவேன். முதல் தடவை பிள்ளைகள் தவித்துப்போனார்கள். இப்போது அந்த நாளில்தான் நன்றாக ஆடுகிறார்கள். "வயிற்றை உள்ளே இழு" என்று நான் சொல்வதில்லை. "விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் நீளமாகு" என்கிறேன். அதே தசைதான் வேலை செய்கிறது, நிமிர்வும் அதேதான் கிடைக்கிறது. உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடமும் இந்த மாதிரித் திருத்தங்களைக் கேட்டு வாங்கலாம்.

ஆட்டத்துக்குத் திரும்பும்போது முதலில் தரையில் படுத்துச் செய்யும் பயிற்சி, பிறகு பார் கம்பியைப் பிடித்து, பிறகு கம்பியை விட்டு நடுத்தளத்தில், தாவல் எல்லாவற்றுக்கும் கடைசி. நாடி நிலைத்து, மாதவிடாய் திரும்பிய பிறகு தாவினால் போதும். பாத்திரங்கள் அறிவிக்கும் வாரமும், அடிபட்டு ஓய்வில் இருக்கும் நாட்களும், நிகழ்ச்சிக்கு உடை அளவெடுக்கும் நாளும் பழைய பழக்கம் எட்டிப்பார்க்கும் நேரங்கள். அந்த நாட்களில் மேசையில் கூட உட்காருங்கள்.

உடை அளவெடுக்கும்போது கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தச் சொல்லுங்கள், எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று தையல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாலே உடையின் முதுகில் கொக்கி மாட்ட இரண்டு மூன்று வரிசையாக வளையங்கள் தைத்திருப்பார்கள். ஒரே உடையைப் பல உடம்புகள் போடும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. உள் வரிசையில் மாட்டினால் இறுகும், வெளி வரிசையில் தளரும். நிகழ்ச்சிக்கு முன்னால் நானே ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் நின்று மாட்டிவிடுகிறேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "உள் வரிசையிலயே மாட்டுங்க மிஸ்" என்று ஒரு குரல் வரும். "மூச்சை விடும்மா" என்பேன். தோள் இறங்கும், முதுகு விரியும். வெளி வரிசையில் மாட்டி அனுப்புவேன்.