அலையாத்திக் காட்டுக்கு விலை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கை நமக்குச் செய்யும் சேவைகளைப் பணத்தில் கணக்கிடும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளின் வரைவுகள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. கூட்டல் பிழை, நாணய மாற்றுப் பிழையெல்லாம் இங்கே வேண்டாம், இரண்டாம் வாசிப்பில் பிடிபட்டுவிடும். எல்லாம் சரியாகக் கூட்டியும் விடை தப்பாக வருவதுதான் ஆபத்து.

வேறு ஊர் எண்ணை இங்கே பெருக்குவது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு தங்கை அனுப்பிய எக்செல் கோப்பில், சிங்கப்பூரின் வடகரையில் உள்ள சுங்கை பூலோ அலையாத்திக் காட்டுக்கு ‘புயல் பாதுகாப்பு’ என்று ஒரு வரி. ஹெக்டேருக்கு இத்தனை டாலர், அதைப் பரப்பளவால் பெருக்கு. மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஒரே வரியிலிருந்து வந்திருந்தது. எண் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். ஒடிசா என்றார்.

ஒடிசாவில் அது மெய்யான மதிப்பு. 1999 பெரும்புயலில் கேந்திரபாரா மாவட்டத்தில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே அகலமான அலையாத்திக் காடு இருந்த கிராமங்களில் சாவு குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டுக் காட்டினார்கள். சுங்கை பூலோ இருப்பதோ ஒடுங்கிய ஜொகூர் நீரிணையில், அக்கரைக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாவதே அபூர்வம், 2001 டிசம்பரில் வந்த வாமெய் புயலை இன்றும் விதிவிலக்காகத்தான் பேசுகிறார்கள். இந்தக் காடு கரை அரிப்பைத் தடுக்கும், சரி, ஆனால் அது வேறு கணக்கு.

இன்னொரு வேடிக்கை, அதே கோப்பில் பொழுதுபோக்கு மதிப்பு பூஜ்யம். ஏனென்றால் நுழைவுக் கட்டணம் இல்லையாம்! சனிக்கிழமை காலையில் பொங்கோலிலிருந்து பிள்ளைகளோடு கிளம்பி, கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி, பஸ் பிடித்து, வலசைப் பறவை பார்க்க வரும் குடும்பம் செலவழிக்கும் காசும் நேரமும் எங்கே போயின? மக்கள் வந்துபோகும் செலவை வைத்து மதிப்பை அறியலாம் என்று பொருளியலாளர் ஹோட்டெலிங் 1947-லேயே அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிவிட்டார்.

இப்படி ஒரு வரியோடு அறிக்கை கூட்டத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பொறியாளர் “இங்கே எந்தப் புயல்?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் கரியமிலக் கணக்கு, மீன்குஞ்சுக் கணக்கு என்று ஒழுங்காகச் செய்திருந்த எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. அதனால் எண்ணை நகலெடுக்கும் முன்னால், அங்கே யாருக்கு எந்தக் கேடு குறைந்தது, இங்கே அப்படிப்பட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா, காடு போனால் பதிலுக்கு நாம் எதைக் கட்ட வேண்டிவரும் என்று கேளுங்கள். பதில் இல்லையா, அந்த வரியை அழித்துவிடுங்கள்.

ஒன்றையே இரண்டு முறை எண்ணுவது

மீன்குஞ்சு வளரும் இடத்துக்கு ஒரு மதிப்பு, பிடிபட்ட மீனுக்கு இன்னொரு மதிப்பு என்று போடாதீர்கள். முதலாவது இரண்டாவதுக்குள்ளேயே இருக்கிறது.

33 டிரில்லியன்

1997-ல் கோஸ்டான்சா என்ற ஆய்வாளரின் குழு உலகம் முழுவதிலும் இயற்கை செய்யும் சேவைகளுக்குச் சொன்ன எண் இது, ஆண்டுக்கு, அமெரிக்க டாலரில். அவர்களே 16 முதல் 54 வரை என்று வீச்சுக் கொடுத்திருந்தார்கள். நம்மிடம் கேட்கப்படும் கேள்வி வேறு: இந்தச் சாலை இந்தத் துண்டு வழியாகப் போனால் எவ்வளவு இழப்பு?

தள்ளுபடி வீதம்

வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்க ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். 50 ஆண்டு கழித்து வரும் 100 டாலர், 2 விழுக்காட்டில் இன்றைக்கு 37, 7 விழுக்காட்டில் 3 சொச்சம்.

விலை வைக்க முடியாததைக் காலியாக விடுவது

2001-ல் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கடற்கரையை மண் கொட்டி நிரப்பும் திட்டம் தள்ளிவைக்கப்படும் முன்னால், தன்னார்வலர்கள் வற்றுக்கடலில் இறங்கி அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பதிவு செய்தார்கள். அட்டவணையில் டாலர் நெடுவரிசைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நெடுவரிசை கட்டாயம் வையுங்கள், உயிரினத்தின் பெயரும் பார்த்த இடமும் அதில் வரட்டும். காலிக் கட்டத்தைப் படிப்பவர் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்வார்.